கொழும்பில் சீனி வருத்தத்துக்கான மருந்துச் செலவைக் குறைக்க

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் பதியுங்கள். மெட்ஃபோமினும் இன்சுலினும் அங்கே இலவசம். அடையாள அட்டை, பழைய இரத்த ரிப்போட், இப்போது போடும் குளிசைகளின் அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள். குளிசை முடிய ஒரு கிழமைக்கு முன்பே போவது நல்லது, ஏனென்றால் கையிருப்பு இல்லாத நாளும் வரும்.

அப்படிக் கையிருப்பு இல்லாவிட்டால் வெளியில் வாங்க எழுதித் தருவார்கள். அப்போது கம்பனிப் பெயரல்ல, மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரக் கேளுங்கள். அதோடு ஒசுசல என்ற அரச மருந்துக்கடைக்குப் போய், ஆக மலிவானது எது என்று விசாரியுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: சீனியைக் குறைக்கும் இன்னொரு மருந்தான கிளிக்லசைட்டில் 80 மில்லிகிராம் சாதாரணக் குளிசையும் 30 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் குளிசையும் ஏறத்தாழ ஒரே வலு. மில்லிகிராம் அளவைப் பார்த்து நீங்களே மாற்றக்கூடாது. மெதுவாகக் கரையும் மெட்ஃபோமினை நொறுக்கவும் கூடாது.

இன்சுலின் போத்தலில் 100 யூனிட் என்றிருந்தால் சிரிஞ்சிலும் 100 இருக்கவேண்டும். சிவப்பு மூடி 40 சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறி, சீனி ஆபத்தாக இறங்கும். மலிவென்று கையில் கிடைத்ததை வாங்குவது இங்கேதான் உயிருக்கு வினையாகும். திறக்காத போத்தலை ஃபிரிஜில் வைக்கும்போது ஃபிரீசர் ஓரத்தில் வேண்டாம், உறைந்தால் வீசத்தான் வேண்டும்.

வீட்டில் சீனி பார்க்கும் சோதனை மெஷின் வாங்குமுன் அதன் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள். காசு போவது அதிலேதான்.