தேவாலயச் சுவரில் புனித தோமையார்: பைசாந்திய முறையில் மொசைக் பதிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயச் சுவரில் ஒரு புனிதரை மொசைக்கில், அதாவது சிறு வண்ணத் துண்டுகளைச் சாந்தில் பதித்து உருவாக்கும் ஓவியமாக, பதிக்க விரும்பினால், வெளிச்சம் எந்த நேரத்தில் எப்பக்கமிருந்து அச்சுவரில் விழுகிறது என்பதை ஒரு நாள் முழுவதும் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வடகோளத்தில் எழுதப்பட்ட கையேடுகள் தெற்கு ஜன்னலைப் பற்றியே பேசும். டர்பனிலோ நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கே நிற்பதால், வடபுற ஜன்னலை எதிர்நோக்கும் சுவரே பின்னணியில் பதிக்கும் தங்கத்துண்டுகளுக்கு ஏற்றது.

எந்தப் புனிதர் என்பதை முகத்திலேயே காட்டுவது பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) மரபு. பேதுருவுக்கு நரைத்த குட்டை முடியும் தாடியும், பவுலுக்கு வழுக்கைத் தலையும் கூரிய தாடியும் உண்டு. நம்மவர்கள் பெரிதும் விரும்பும் தோமையாரோ தாடியில்லாத இளைஞர். ஏதென்சுக்கு அருகே தாப்னி மடாலயத்தில் 1100ஆம் ஆண்டையொட்டிப் பதிக்கப்பட்ட மொசைக்கிலும் அவர் அப்படித்தான் இருக்கிறார். மயிலாப்பூர்ப் படங்களில் தாடியுடன் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். எனினும் இம்முறையில் செய்வதானால் இளமுகமே பொருத்தம் என்பது என் கருத்து.

சுவரின் பழைய பூச்சைச் சுரண்டிச் சமப்படுத்திய பின், உருவத்தைக் கரிக்கோட்டால் வரைந்து வண்ணமும் தீட்டிக்கொள்ளுங்கள். கடற்காற்றில் இரும்புவலை துருவேறிச் சாந்தைப் பிளந்துவிடும் என்பதால், வலை தேவைப்பட்டால் கண்ணாடியிழை வலையையே பயன்படுத்துங்கள். அரைமணி நேரத்தில் பதித்து முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும் பசைச்சாந்து பூச வேண்டும். அக்காலக் கலைஞர்களும் அன்றன்றைக்கு வேண்டிய அளவே சாந்து பூசினார்கள். கண்ணாடி வெட்டும்போது கண்களுக்குக் கவசம் கட்டாயம்.

முகத்தில்தான் நீங்கள் நிதானமாக உழைக்க வேண்டும். அங்கிக்கு ஒரு சென்டிமீட்டர்த் துண்டுகள் போதும். முகத்துக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ வேண்டும். மேலிமையின் கருங்கோட்டை முதலில் பதித்து, கருவிழியை அதை ஒட்டி நிறுத்தி, விழிவெள்ளையைப் பிறகு நிரப்புங்கள். மூக்கின் ஓரத்திலிருந்து கன்னத்தைச் சுற்றி வளைந்து செல்லும் வரிசைகளே சதையின் திரட்சியைக் காட்டுகின்றன. வரிசை நேராகப் போனால் முகம் தட்டையாகிவிடும். நிழலுக்குக் கறுப்பை நாடாமல் மங்கிய பச்சையை நாடுங்கள்.

தங்கத்துண்டு என்பது இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே வைத்த தங்க ரேக்கு. உருவத்தின் வெளிக்கோட்டை ஒட்டி முதலில் ஒரு வரிசை தங்கத்தைப் பதித்து, பின்னர்ப் பின்னணியை நிரப்புங்கள். ஒவ்வொரு துண்டையும் விரலால் சற்றே வெவ்வேறு சாய்வில் அழுத்துங்கள்; அப்போதுதான் ஒளி பட்டுத் தங்கம் மினுங்கும். உயரத்தில் இருப்பவை கீழே நிற்போரை நோக்கிச் சாய வேண்டும். இடுக்குகளைச் சாந்தால் நிரப்பி மழுப்பினால் இந்த மினுக்கம் முழுவதும் போய்விடும்.

பெயர் எழுதாத புனிதர் உருவம், புனிதர் உருவங்களைத் தடைசெய்த உருவ எதிர்ப்புக் காலம் 843இல் முடிந்த பிறகு, மிக அரிதாகிவிட்டது. ஆகவே தலையின் ஒளிவட்டத்துக்கு இருபுறமும், எழுத்தின்கீழ் எழுத்தாக, ‘புனித’ என்று ஒருபக்கமும் ‘தோமா’ என்று மறுபக்கமும் பதியுங்கள். ‘தோ’ என்பதன் கொம்பையும் காலையும் பிரிக்காமல் ஒரே வரியில் வையுங்கள்.