தலைப்புக்கு மட்டும் பலூ தம்பி

சமூக மன்றத்தில் தமிழ்மொழி விழா, தீபாவளி என்று ஏதாவது வந்தால் சுவரொட்டி வேலை நம் தலையில்தான் விழும். அப்போது 'பலூ தம்பி 2' எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். ஏக் டைப் குழுவினர் வடிவமைத்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், அச்சுக்கும் தடையில்லை.

முனை மழுங்கிய, கொழுகொழு எழுத்து. 'குழந்தைகள்' என்று அடித்தாலே சிரிப்பது போல இருக்கும். இரங்கல் அறிவிப்புக்கு வேண்டவே வேண்டாம்!

தலைப்போடு நிறுத்துங்கள். நேரம், இடம் போன்ற விவரங்களைச் சிறிய அளவில் இதிலேயே போட்டால் 'ண', 'ணை' சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும், புள்ளியும் எழுத்தோடு ஒட்டிவிடும். நான் ஒருமுறை அப்படி ஐம்பது தாளை வீணாக்கினேன். விவரங்களுக்கு மெல்லிய எழுத்துரு போதும்.

கனம் போதவில்லையா? எழுத்தைத் தடிப்பாக்கும் 'B' பொத்தானை அழுத்தாமல், எழுத்துருப் பட்டியலில் எக்ஸ்ட்ரா போல்ட் என்ற மிகத் தடித்த வகையைத் தேர்ந்தெடுங்கள். வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மேல்வரி 'கு'வின் வால் கீழ்வரி 'கீ'யின் தலையில் இடிக்கும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் 'கொ' உடைந்து தெரிந்தால், இந்திய எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் அமைப்புக்கு மாற்றுங்கள்.

அப்புறம், ஒரு தாளை மட்டும் அச்சடித்து மின்தூக்கி அருகே பிடித்து, பத்தடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.