பட்டறை மேசையும் வைஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மரவேலை பழகும் தம்பிகள் சிலர், புதிதாகச் செய்த மேசையைப் பார்க்க வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் பண்ணிய அதே தவறுகள். கால் ஆடுவது, போல்ட் இறுகாதது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விடுகிறேன்.

உள்தாடை மேசை விளிம்பைத் தாண்டி நிற்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வைஸ் என்பது கட்டையை இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் கருவி. கடையில் 7 அங்குல வைஸோ 9 அங்குல வைஸோ வாங்கி வந்து, மேசைக்கு அடியில் கொடுத்து போல்ட் முடுக்கிவிடுகிறார்கள். நகராத உள்தாடை முழுசாக வெளியே நிற்கும். சின்னக் கட்டையைப் பிடித்து அறுக்கும்வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு நாள் ஏழடிக் கதவுச் சட்டம் வரும். ஒரு முனை வைஸில் இருக்கும். மிச்சமெல்லாம் மேசையை ஒட்டாமல் தொங்கும். இழைப்புளியைத் தள்ளினால் சட்டம் உள்ளே வளையும். சீவல் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் அறுந்து வரும். மூலைமட்டம் வைத்தால் விளிம்பு சாய்ந்திருக்கும்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு தம்பி இப்படித்தான் இரண்டு தேக்குச் சட்டங்களை இழைத்து இழைத்தே வீணாக்கியிருந்தார். சட்டத்துக்கும் மேசைக்கும் நடுவில் அட்டையை மடித்துச் சொருகியிருந்தார். “இழைப்புளிதான் சரியில்லை போல, அண்ணா” என்றார். அலகைத் தீட்டித் தீட்டிப் பாதியாக்கியிருந்தார். “இழைப்புளியை விடுங்க தம்பி, இந்தச் சந்துல விரலை விட்டுப் பாருங்க” என்றேன். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. தேக்கு விற்கிற விலைக்கு இது தாங்குமா?

போல்ட் போடுமுன் தாடையின் தடிமனுக்கு விளிம்பில் உளியால் பள்ளம் எடுங்கள். இரும்பை உள்ளே இறக்கி, முகத்தில் மரப்பட்டை போட்டு, விளிம்போடு சமமாக இழைத்துவிடுங்கள். பள்ளம் எடுக்கக் கை வராதவர்கள், விளிம்பு நெடுக அதே தடிமனில் ஒரு கட்டையை ஒட்டி, வைஸ் வரும் இடத்தை மட்டும் விட்டுவிடலாம். மேசையின் முன்கால்களும் அதே நேர்கோட்டில் நிற்கட்டும். வலது காலில் துளை போட்டு முளை செருகினால் நீளச் சட்டத்தின் மறுமுனை அதன்மேல் உட்காரும். தாடையின் இரும்பு மேசை மட்டத்துக்கு அரை அங்குலமாவது கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் என்றாவது அலகு அதில் மோதும். அதற்கேற்ற தடிமனில் அடியில் ஒரு பலகையைக் கொடுங்கள். முன்கூட்டிச் செய்தால் ஒரு மத்தியான வேலை. பிறகு என்றால் எல்லாத் துளையையும் அடைத்துப் புதிதாகப் போட வேண்டும்.

ஈரச் சில்வர் ஓக்

தேயிலைக்கு நிழலாக நட்ட மரம், வெட்டின உடனே மலிவாகக் கிடைக்கும். அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது பொதுக்கணக்கு. இந்தப் பனிமூட்டத்தில் அதற்கு மேலும் ஆகலாம். காய்ந்த மரமும் சும்மா இருக்காது. கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடியில், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் குறுக்குவாக்கில் உப்பும்; மாசி வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். அதனால் மேல்பலகையை அடிச்சட்டத்தோடு பசை போட்டு இறுக்காதீர்கள், வெடித்துவிடும். திருகுத் துளைகளை நீள்வட்டமாகப் போட்டு வாஷர் கொடுங்கள்.

வைஸை மேசை நடுவில் மாட்டுவது

வேண்டாம். வலக்கைக்காரருக்கு இடது முனை, மேசைக் காலை ஒட்டி.

தாடையின் ஒரு ஓரத்தில் மட்டும் கட்டையைப் பிடிப்பது

தாடை கோணிக்கொள்ளும். மறு ஓரத்தில் அதே தடிமனில் ஒரு துண்டு.

மேசைக் காலில் சக்கரம்

கூடவே கூடாது.

மேசையைச் சமையல் மேடை உயரத்துக்குச் செய்வது

உடம்பின் எடை இழைப்புளி மேல் இறங்க வேண்டும். மேசை உயர்ந்தால் தோள்தான் வேலை செய்யும், சாயங்காலம் வலிக்கும். நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் உயரம். குளிருக்குப் பட்டறையில் ஷூ போட்டு நிற்பவர்கள் ஷூவோடு நின்றே அளவெடுங்கள்.