ஒரு பக்கப் படக்கதை: வன்னியில் வரையத் தொடங்குபவர்களுக்கு

படக்கதை வரைய ஆசைப்படுகிற பலர் எடுத்த எடுப்பில் பெரிய கதையாகத் தொடங்கி, நாலைந்து பக்கத்தோடு விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒரு பக்கம், அதில் நான்கு கட்டம் போதும். ஆனால் அந்தப் பக்கத்தை முடிக்க வேண்டும். முடித்ததை இன்னொருவரிடம் காட்ட வேண்டும். இந்த இரண்டையும் விடாமல் செய்தால் கை தானாகத் தேறும்.

1. சாமான்கள்

ஏ4 தாள், எச்.பி. பென்சில், அழிறப்பர், அடிமட்டம், கறுப்புப் பேனை, கிறுக்கிப் பழக ஒரு சீ.ஆர். கொப்பி. கணினியில் வரையும் டப்லெட் இப்போதைக்கு வேண்டாம்.

2. ஆட்களைப் பார்த்து வரையுங்கள்

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. ஏ9 வீதியால் போகும் பஸ்கள் அங்கே நிற்கும். சனம் இறங்கும், தேங்காய் உடைக்கும், கச்சான் (வேர்க்கடலை) வாங்கும், ஏறிவிடும். உங்களுக்காக யாரும் அசையாமல் நிற்கமாட்டார்கள், அதனால் வேகமாக வரைந்தே ஆக வேண்டும். முகத்தை விட்டுவிடுங்கள். முதுகு எந்தப் பக்கம் வளைகிறது, பாரம் எந்தக் காலில் நிற்கிறது, கை எவ்வளவு உயரம் போகிறது, இவ்வளவையும் நாலைந்து கோட்டில் பிடியுங்கள்.

தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) வரைவதென்றால் அதை ஓட்டுகிற அண்ணாவிடம் போய், எங்கே இருப்பார், திருப்பும்போது கை எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர்கள் உடம்பை எப்படிப் பின்னுக்குச் சாய்க்கிறார்கள் என்பதைக் கற்பனையில் வரைந்தால், கடற்கரைப் பிள்ளை ஒன்று உடனே பிழை பிடித்துவிடும்.

3. கட்டம் பிரியுங்கள்

தேங்காய் உடைப்பதையே எடுப்போம். முதல் கட்டம்: பஸ் நிற்கிறது. இரண்டாவது: ஒருவர் தேங்காயை ஓங்குகிறார். மூன்றாவது: சிதறிய சில்லுகள். நான்காவது: கச்சான் பையோடு பஸ்ஸுக்கு ஓடுகிறார். தேங்காய் கல்லில் படுகிற கணத்தை நாம் வரையவே இல்லை, கவனித்தீர்களா? இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையிலுள்ள வெள்ளை இடைவெளியில் வாசகரே அதை உடைத்துவிடுகிறார். படக்கதையின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எதை வரையாமல் விடலாம் என்று பார்க்க, தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு மாதிரி போட்டுப் பாருங்கள். பெரிய தாளில் கை வைப்பது அதற்குப் பிறகு.

4. எழுத்து முதலில், குமிழ் பிறகு

பேச்சுக் குமிழை வரைந்துவிட்டு அதற்குள் தமிழை அடைக்கப் பார்த்தால் கடைசி எழுத்துகள் நசுங்கும். வசனத்தை எழுதி முடித்து, அதைச் சுற்றிக் குமிழைப் போடுங்கள். “எங்கே போய்க்கொண்டிருக்கிறாய்?” பாதிக் கட்டத்தைத் தின்றுவிடும். “எங்க போறாய்?” என்றால் இடமும் மிஞ்சும், நம்முடைய ஆள் பேசுவது போலவும் இருக்கும். முதலில் பேசுபவரின் குமிழ் இடப்பக்கம் மேலே வர வேண்டும்.

5. மை

பென்சில் கோட்டின் மேல் பேனையால் போங்கள். நன்றாகக் காய்ந்த பின் அழியுங்கள்.

6. காட்டுங்கள், பேசாமல் இருங்கள்

கஷ்டமான படி இதுதான். படக்கதை வாசித்துப் பழக்கமில்லாத ஒருவரிடம், அம்மம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ, பக்கத்தைக் கொடுங்கள். “இதில என்ன நடக்குது, சொல்லுங்கோ” என்று மட்டும் கேளுங்கள். அவர் கண் எங்கே தடக்குகிறது, எந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போகிறது என்று பாருங்கள். நீங்கள் நினைத்த கதையை அவர் சொல்லவில்லையென்றால் பக்கத்தில் பிழை இருக்கிறது. “இல்லை, அது வந்து...” என்று விளக்கத் தொடங்காதீர்கள். நாளைக்கு அந்தப் பக்கத்தை யாரோ வாசிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று விளக்கமுடியாது. அவர் தடக்கிய இடங்களில் ஒன்றை மட்டும் தாளின் பின்பக்கம் குறித்து, அடுத்த வாரப் பக்கத்தில் திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தப் போனால் எதுவும் திருந்தாது.

அமெரிக்கக் கார்ட்டூன் கலைஞர் சார்ல்ஸ் ஷூல்ஸ் 1950 ஒக்டோபரிலிருந்து 2000 பெப்ரவரி வரை, சிறுபிள்ளைகளைப் பற்றிய ‘பீனட்ஸ்’ தொடருக்காக 17,897 படத்துணுக்குகளைத் தன் கையாலேயே வரைந்தார். தொடக்ககாலப் படங்களையும் பத்து வருடம் கழித்து வந்தவற்றையும் பக்கத்தில் வைத்தால், அதே பிள்ளைகளின் தலையும் உடம்பும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று தெரியும். நம் பக்கத்தில் பார்த்துப் பழக, நூலகம் இணையத்தளத்தில் பழைய ‘சிரித்திரன்’ நகைச்சுவைச் சஞ்சிகை இதழ்கள் இருக்கின்றன.

7. பெரிய கதை

வன்னியில் கதை சொல்ல வருகிற எவருக்கும் மனதில் 2009 இறுதிப் போர் இருக்கும். அதை வரையத்தான் வேண்டும். ஆனால் முதல் கதையாக அதைத் தொடாதீர்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். பிள்ளையைத் தூக்கி நடக்கிற தாயின் கையைச் சரியாக வரையத் தெரியாமல் அந்தத் தாயின் கதையைச் சொல்லப் போகக்கூடாது. இப்போது கோயிலடியிலும் சந்தையிலும் பிள்ளை தூக்கிய கைகளை வரைந்து பழகுங்கள். பின்னர் வரையும்போது, யாருடைய கதையோ அவரிடமே முதலில் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்கிற கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

முடித்த பக்கங்களில் தேதி போட்டு ஒரு பைலில் வையுங்கள். எட்டுப் பக்கம் சேர்ந்ததும் போட்டோக்கொப்பி எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்துச் சின்னப் புத்தகமாக்கலாம். முதல் பிரதி அந்த லான்ட்மாஸ்டர் அண்ணாவுக்கு. சக்கரத்தில் இன்னும் பிழை இருந்தால் அவர் சொல்வார்.