கரும்பொருள் கதிர்வீச்சின் என்ட்ரோபி: அந்த 4/3 எங்கிருந்து வருகிறது?

சூடான பெட்டிக்குள் நிறைந்திருக்கும் கதிர்வீச்சின் (இதுதான் கரும்பொருள் கதிர்வீச்சு) என்ட்ரோபி, அதாவது நுழையும் வெப்பத்தை அந்தந்த நேரத்து வெப்பநிலையால் வகுத்துக் கூட்டிவரும் அளவு, எவ்வளவு என்று கேட்டால், ‘ஆற்றலை வெப்பநிலையால் வகுத்தால் ஆச்சு’ என்று சொல்லத் தோன்றும். அப்படி வகுத்தால் விடையில் கால் பங்கு குறைந்துவிடும். விட்டுப்போகும் அந்தப் பங்கைப் பிடிப்பதுதான் இந்தக் கணக்கு. கதிர்வீச்சின் ஆற்றல் எந்த அலைநீளத்தில் எவ்வளவு என்று சொல்லும் பிளாங்க் சூத்திரம் வரை போக வேண்டாம், பள்ளிக்கூட நுண்கணிதமே போதும்.

படி 1: தேவையானவை இரண்டு

உள்ளே காற்றுகூட இல்லாத பெட்டி, சுவர்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில். அப்போது,

ஆற்றல் = க × பருமன் × வெப்பநிலை⁴

அழுத்தம் = ஆற்றல் அடர்த்தி (ஒரு கன மீட்டரில் உள்ள ஆற்றல்) ÷ 3

‘க’ என்பது கதிர்வீச்சு மாறிலி: 7.566 × 10⁻¹⁶ (ஜூல், கன மீட்டர், கெல்வின் அலகுகளில்). இந்த நான்காம் அடுக்கை 1879இல் ஸ்டெஃபான் சோதனை அளவீடுகளிலிருந்து கண்டார். 1884இல் போல்ட்ஸ்மான் வெப்ப இயக்கவியலிலிருந்தே வருவித்தார். புத்தகங்களில் அடிக்கடி வரும் 5.67 × 10⁻⁸ வேறு மாறிலி, அது பரப்பிலிருந்து வெளியேறும் ஆற்றலுக்கானது. அதை 4ஆல் பெருக்கி ஒளியின் வேகத்தால் வகுத்தால்தான் நம்முடைய ‘க’ கிடைக்கும். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

படி 2: பெட்டியைச் சூடாக்குவோம்

பருமன் மாறாது என்று வைத்துக்கொள்வோம். வேலை எதுவும் நடக்காததால், கொடுக்கும் வெப்பம் முழுவதும் ஆற்றலாகச் சேரும். வெப்பநிலை கொஞ்சம் ஏறினால்,

ஆற்றல் மாற்றம் = 4 × க × பருமன் × வெப்பநிலை³ × (வெப்பநிலை மாற்றம்)

இதை வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி மாற்றம். அடுக்கு 3இலிருந்து 2 ஆகிறது. சுழியிலிருந்து தொகையிட்டால் அந்த இரண்டாம் அடுக்கு ‘வெப்பநிலை³ ÷ 3’ ஆகிவிடும்:

என்ட்ரோபி = (4/3) × க × பருமன் × வெப்பநிலை³

அதாவது ‘ஆற்றல் ÷ வெப்பநிலை’யின் 4/3 மடங்கு. காரணம் எளிது. ஒரு ஜூல் வெப்பம் 300 கெல்வினில் நுழைந்தால் என்ட்ரோபி 0.0033 ஏறும், 10 கெல்வினில் நுழைந்தால் 0.1 ஏறும். பெட்டிக்குள் இருக்கும் ஆற்றலில் ஒரு பகுதி அது குளிர்ச்சியாக இருந்தபோதே நுழைந்தது. நேரடியாக வகுப்பவர், எல்லாமே கடைசி வெப்பநிலையில் வந்ததாக எடுத்துக்கொள்கிறார்.

படி 3: வேறு வழியில் சரிபார்ப்போம்

இப்போது வெப்பநிலையை மாற்றாமல் பிஸ்டனை மெதுவாக இழுத்துப் பருமனை 1 கன மீட்டர் கூட்டுவோம். புது இடத்தை நிரப்ப ஆற்றல் அடர்த்தி அளவுக்கு வெப்பம் வேண்டும். கதிர்வீச்சு பிஸ்டனைத் தள்ளும் வேலைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். ஆக 1 + 1/3 = 4/3. வெப்பநிலையால் வகுத்தால் அதே விடை! இந்த வழிதான் எனக்குப் பிடித்தது; தொகையிடல்கூட இல்லை.

படி 4: எண்களைப் போடுவோம்

1 கன மீட்டர், 300 கெல்வின். 300³ = 2.7 × 10⁷. இதை (4/3) × 7.566 × 10⁻¹⁶ உடன் பெருக்கினால் சுமார் 2.72 × 10⁻⁸ ஜூல்/கெல்வின். மிகச் சிறிய எண்தான்.

ஃபோட்டான்களை, அதாவது ஒளித் துகள்களை, எண்ணினால் சுவாரசியம் கூடும். ஒரு கன மீட்டரில் அவற்றின் எண்ணிக்கை 2.03 × 10⁷ × வெப்பநிலை³. இங்கே சுமார் 5.5 × 10¹⁴. என்ட்ரோபியை இதனாலும் போல்ட்ஸ்மான் மாறிலியாலும் (1.381 × 10⁻²³) வகுத்தால் 3.6 வருகிறது. இரண்டுமே வெப்பநிலையின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், எந்த வெப்பநிலையிலும் ஒரு ஃபோட்டானுக்கு இதே 3.6தான்.

படி 5: பெட்டிக்கு வெளியே

வெப்பம் உள்ளே வராமல், வெளியே போகாமல் மெதுவாக விரிந்தால் என்ட்ரோபி மாறாது. அப்படியானால் பருமன் × வெப்பநிலை³ மாறாது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டிப்பானால் வெப்பநிலை பாதியாகும். அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து எங்கும் நிறைந்திருக்கும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சுக்கும் இதே கணக்குதான். சுமார் 3000 கெல்வினில் விடுபட்ட அந்த ஒளி, அண்டம் ஏறக்குறைய 1100 மடங்கு நீண்ட பிறகு இன்று 2.725 கெல்வினில் இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 411 ஃபோட்டான், 3.6ஆல் பெருக்கினால், போல்ட்ஸ்மான் மாறிலியின் 1480 மடங்கு என்ட்ரோபி.