ரெட் டாட் வாங்குமுன் டார்கெட்டை அளந்து பாருங்கள்

கடையில் ரெட் டாட்டைக் (துப்பாக்கியின் மேல் மாட்டும், கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி) கையில் எடுத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைக் குறிபார்ப்போம். புள்ளி பளிச்சென்று தெரியும், உடனே பர்ஸைத் திறப்போம். நானும் அப்படித்தான் வாங்கினேன். ரேஞ்சுக்குப் போன பிறகுதான், அந்தப் புள்ளி டார்கெட்டின் நடுவையே விழுங்குவது தெரிந்தது.

புள்ளியின் அளவை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள், தூரம் கூடக்கூட அது மறைக்கும் இடமும் கூடும். ஒரு எம்ஓஏ என்பது 25 கஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம், 50 கஜத்தில் அரை அங்குலம். அமெரிக்காவில் புல்ஸ்ஐ என்ற பிஸ்டல் போட்டியில் சுடுகிறவர்களின் 50 கஜ டார்கெட்டில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 3.36 அங்குலம். என்னுடைய 6 எம்ஓஏ புள்ளி அங்கே 3 அங்குலத்துக்கும் மேல். அதாவது கிட்டத்தட்ட வளையம் முழுவதும் சிவப்பு! இரும்புத் தட்டுகளை வேகமாகச் சுட இந்தப் பெரிய புள்ளி அருமையானது, சட்டென்று கண்ணில் படும். அட்டையில் நிதானமாகச் சுட 2, 3 எம்ஓஏ போதும். வெளிச்சத்தைக் கூட்டினால் சின்னப் புள்ளியும் உப்பித் தெரியும் என்பதால், தெரிகிற அளவுக்குக் குறைத்து வையுங்கள்.

அடுத்த தவறு, 9 எம்எம் பிஸ்டலுக்காகச் செய்த விலை உயர்ந்த குட்டி ரெட் டாட்டை, சின்னத் தோட்டா போடும் .22 பிஸ்டலுக்கு வாங்குவது. 9 எம்எம் பிஸ்டலில் ஸ்லைடின் (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம்) மேல் மாட்டினால், ஒவ்வொரு குண்டுக்கும் ரெட் டாட் முன்னும் பின்னும் உதைபடும். அதைத் தாங்கத்தான் அந்த விலை. ரூகர் மார்க் 4 மாதிரியான .22 பிஸ்டலில் ஸ்லைடுக்குப் பதிலாக போல்ட் என்ற பாகம் உள்ளேயே ஓடுகிறது, மேலே மாட்டியது அசைவதே இல்லை. அங்கே நடுத்தர விலையில் ஒரு குழாய் வடிவ ரெட் டாட் தாராளமாகப் போதும். மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கலாம். ஆனால் அடிப்பாகம் உங்கள் பிஸ்டலில் அதை மாட்டும் ரெயிலுக்கோ பிளேட்டுக்கோ பொருந்துமா என்று பார்த்துவிடுங்கள், எல்லா ரெட் டாட்டுக்கும் ஒரே ஸ்க்ரூ துளை கிடையாது.

என் நண்பர் ஒருவர் புது ரெட் டாட்டைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். புள்ளி வால் முளைத்த நட்சத்திரம் மாதிரி தெரிகிறதாம். "செல்போன் கேமரா வழியாகப் பாருங்க" என்றேன். திரையில் புள்ளி உருண்டையாக நின்றது. கோளாறு அவர் கண்ணில்தான், சிலிண்டர் பவர், அதாவது அஸ்டிக்மாடிசம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்ததும் பாதி சரியாகிவிட்டது. உங்கள் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் இருந்தால், விலை கேட்பதற்கு முன்பே கண்ணாடியோடு பார்த்துவிடுங்கள்.

பேட்டரி எங்கே இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. சிலவற்றில் அடியில் இருக்கும். மாற்றவேண்டும் என்றால் முழுதாகக் கழற்றணும், அப்புறம் ஜீரோ, அதாவது புள்ளி வைத்த இடத்தில் குண்டு படும்படி செய்த அமைப்பு, சரியாக இருக்கிறதா என்று மறுபடி சுட்டுப் பார்க்கணும். மேலேயோ பக்கத்திலோ திறப்பதாக இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. மாட்டும்போது ஸ்க்ரூவில் ஒரு சொட்டு நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) போடுங்கள். டார்கெட்டில் குண்டுகள் நெருக்கமாக விழாமல் திடீரென்று சிதறினால், கையைத் திட்டுவதற்கு முன் ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், மாட்டின முதல் நாள் புள்ளி ஆடும். கை எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அது நடுவுக்கு வரும் நொடியில் டிரிகரை வெடுக்கென்று இழுத்தால் குண்டு கீழே போகும். ஆட்டம் ஆடட்டும், விரல் மெதுவாக அழுத்தட்டும்.

இந்தியாவில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்குப் பழகுகிறவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி பிஸ்டல் போட்டிகளில் முன்னும் பின்னும் உள்ள சாதாரண சைட் மட்டும்தான், ரெட் டாட்டுக்கு அனுமதி இல்லை.