எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது? விகிதமுறு கோவைகளில் வரும் தவறுகள்

மதுரை செல்லூரில், எங்கள் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். விகிதமுறு கோவை (எக்ஸ் போன்ற எழுத்துகள் கலந்த பின்னம்) வந்தால் போதும், மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு என்று பேனா பறக்கும்.

போன வாரம் ஒருத்தி (3ம + 12)/3 என்பதில் இரண்டு 3-ஐயும் அடித்து, ம + 12 என்று எழுதியிருந்தாள். (புத்தகத்தில் எக்ஸ், மல்லிக்காக நான் 'ம' போட்டிருந்தேன்.)

"முழம் ம ரூபாய்னு மூணு முழம் மல்லி, கூட 12 ரூபாய்க்குக் கனகாம்பரம். மூணு பேர் பங்கு போட்டா கனகாம்பரத்துக்கு நீ எவ்வளவும்மா தருவ?"

"நாலு ரூபா சார்."

"உன் விடையில 12 தர்றியே?"

சிரித்துக்கொண்டே 3(ம + 4)/3 என்று மாற்றி, ம + 4 என்று முடித்தாள்.

கூட்டல், கழித்தல் குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவை உறுப்புகள். பெருக்கலில் நிற்பவைதான் காரணிகள். தொகுதி (மேலே இருப்பது) முழுவதற்கும் பகுதி (கீழே இருப்பது) முழுவதற்கும் பொதுவான காரணியை மட்டுமே அடிக்கலாம்.

(ம² − 9)/(ம² + 5ம + 6) கொடுத்தால் பாதிப் பேர் ம²-ஐ அடித்து −9/(5ம + 6) என்பார்கள். காரணிப்படுத்தினால் (ம − 3)(ம + 3)/[(ம + 2)(ம + 3)]. ம + 3 போக, (ம − 3)/(ம + 2).

சந்தேகமா? ம = 1 என்று போடுங்கள். கணக்கிலும் சரியான விடையிலும் −2/3 வரும். தப்பான விடையில் −9/11. ஆனால் 0 போட்டுச் சோதிக்காதீர்கள். அடித்த ம² தானே 0 ஆகிவிடுவதால் தப்பு விடையும் சரிபோலவே −3/2 காட்டும். நானே ஒருமுறை ஏமாந்து 'டிக்' போட்டிருக்கிறேன்.

பொதுக்காரணி எடுக்கும்போது 5ம + 5 என்பது 5(ம + 1). அந்த 1 பலருக்குக் காணாமல் போகும். 5ம/10ம² என்பதில் மேலே எல்லாம் அடிபட்டாலும் மிஞ்சுவது 0 அல்ல, 1, விடை 1/(2ம). (ம − 5)/(5 − ம) என்பது −1. குறியைப் பார்க்காமல் 1 என்று எழுதுபவர்களே அதிகம்.

விலக்கப்பட்ட மதிப்பை, அதாவது பகுதியை 0 ஆக்கும் மதிப்பை, கேட்டால் சுருக்கிய விடையைப் பார்க்காதீர்கள். மேலே பார்த்த கணக்கில் −2, −3 இரண்டுமே விலக்கப்பட வேண்டும். சுருக்கிய பின் −3 போட்டால் 6 என்று சமர்த்தாக விடை வரும். முதலில் இருந்த கோவையிலோ அது 0/0.